இரட்டையர் இறகுப்பந்து: கேட்டவையும் என் பதில்களும்

பதினான்கு வருடம் இரட்டையர் மட்டுமே ஆடினேன். இப்போது கும்பகோணத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில்.

மன்னார்குடி, ஒரு அப்பா: பையனுக்குப் பத்து வயது. எந்த ராக்கெட் வாங்கலாம் சார்?

கைக்குக் கனக்காத எதுவும் சரி. முதலில் ஷூ வாங்குங்கள். ஓடுவதற்கான ஷூவில் குதிகால் உயரமாக இருக்கும். பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் பிசகிவிடும். அதுவும் சிமெண்ட் தரையில்!

திருவாரூர், கல்லூரி மாணவி: முன்னால் நின்றால் எனக்குக் கார்க்கே (இறகுப்பந்தே) வருவதில்லை. எல்லாம் பார்ட்னர்தான் அடிக்கிறாள்.

நல்ல கேள்வி. வலையை ஒட்டி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நின்றால் எல்லாம் தலைக்கு மேலேதான் போகும். சர்வீஸ் கோட்டுக்கு ஓர் அடி பின்னால் வாருங்கள், ராக்கெட்டை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். பார்ட்னர் என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்க்கவே கூடாது. எதிராளியின் ராக்கெட்டைப் பாருங்கள். பார்ட்னர் கோட்டோரமாக ஸ்மாஷ் (மேலிருந்து ஓங்கி) அடித்தால் நீங்களும் அந்தப் பக்கம் சாயுங்கள், பெரும்பாலும் அதே பக்கம்தான் திரும்பி வரும். உங்களில் யாராவது கார்க்கைத் தூக்கிவிட்டால் இருவரும் பக்கத்துக்கு ஒருவராகப் பிரிந்துவிடுங்கள். நான் எட்டு வருடம் முன்னால் நின்றவன். பெயர் பின்னால் நிற்பவருக்குத்தான் கிடைக்கும், போகட்டும்.

நாகப்பட்டினம்: ஆட்டத்தை விட்டுக் கோச் ஆனது எப்படி?

2006-க்கு முன் சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டும்தான் புள்ளி. சர்வீஸ் கையில் இருக்கும்போது தப்பு செய்தால் சர்வீஸ்தான் போகும், புள்ளி போகாது. 21 புள்ளி முறை வந்ததும் ஒவ்வொரு தப்பும் எதிராளிக்குப் புள்ளி. பழைய கணக்கில் ஊறிய எங்கள் ஜோடி திணறியது, என் முழங்காலும் சேர்ந்து மக்கர் செய்தது. கோச் ஆன முதல் மாதம் ஒரு சிறுமி, "அது அங்கதான் வரும்னு எப்படி சார் தெரிஞ்சுது?" என்றாள். பதில் இல்லை. கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஆடவும் சொல்லித் தரவும் தெரிந்தவர்களும் உண்டு. டென்மார்க்கின் மத்தியாஸ் போ 2012 ஒலிம்பிக் இரட்டையர் வெள்ளிக்காரர். பிறகு நம் நாட்டு இரட்டையர் ஜோடியான சாத்விக், சிராக்குக்குக் கோச் ஆனார். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர்கள் தங்கம் வென்றார்கள்.

சீர்காழி: எந்த ராக்கெட் நல்லது?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதுதான். ஷூ!

தஞ்சாவூர், பழைய பூப்பந்து (கம்பளிப் பந்தில் ஆடும் பால் பேட்மிண்டன்) ஆட்டக்காரர்: தஞ்சை அரண்மனையில் வளர்ந்த பூப்பந்தை விட்டுவிட்டு எல்லோரும் இறகின் பின்னால் ஓடுகிறீர்களே தம்பி?

ஐயா, நானும் பூப்பந்தின் ஐவர் ஆட்டத்தில் தொடங்கியவன்தான். கம்பளிப் பந்து 27 கிராமுக்குக் குறையாது, திறந்தவெளிக் காற்றைத் தாங்கும். கார்க் ஐந்து கிராம்தான், காற்றில் அலையும்.

பாபநாசம்: பூப்பந்து ஆடிய கைக்கு மணிக்கட்டால் அடிக்க வராது, அதை முதலில் சொல்லுங்கள்.

தவறு. தோளிலிருந்து வீசும் பழக்கம் இருக்கும், உண்மை. ஆனால் பந்து தரையைத் தொடுமுன் எடுக்கும் கண் அவர்களுக்கு இருக்கிறது. வீச்சைச் சுருக்க மூன்று மாதம் போதும்.

தஞ்சாவூர் ஐயா மீண்டும்: மூன்று மாதமா? எனக்கு மூன்று நாள் போதும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள் ஐயா. முன்னால் நான் நிற்கிறேன்.

வேதாரண்யம்: மொட்டை மாடியில் வலை கட்டி ஆடலாமா?

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். வேண்டாம்.

மயிலாடுதுறை: மே மாதம் கார்க் கோட்டைத் தாண்டிப் பறக்கிறதே?

சூட்டில் காற்று லேசாகிவிடும். கார்க்கின் வேக எண்ணில் 77-ஐ விட்டு, மெதுவாகப் போகும் 76 அல்லது 75 கேட்டு வாங்குங்கள்.

திருத்துறைப்பூண்டி: முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம்?

எலும்பு மருத்துவரிடம் போங்கள். நானே வைத்தியம் பார்த்துத்தான் என் முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். எந்தத் தரையில், என்ன ஷூவோடு ஆடுகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.