அந்த 8 லட்சம் ஏற்கெனவே உங்களுடையதுதான்

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். 9 மெஷின், 12 பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆம்பூர் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க். மாதம் சராசரியாக 2,40,000 ரூபாய்க்கு பில் போடுகிறேன், பணம் கைக்கு வர 100 நாள் ஆகிறது. சனிக்கிழமை சம்பளத்துக்காக 3 வட்டிக்கு வாங்கி வாங்கி, அது இப்போது 3 லட்சத்தில் நிற்கிறது. மாமியார் பேரில் உள்ள வீட்டுப் பத்திரத்தை வைத்து 8 லட்சம் எடுத்து, கடனை அடைத்துவிட்டு இரண்டு மெஷினும் வாங்கிப் போடலாம் என்கிறான் தம்பி. எங்களைச் சுற்றி இதே கம்பெனிக்குத் தைக்கும் யூனிட் இன்னும் 6 இருக்கிறது, எல்லோருக்கும் இதே கதை. எல்லோரும் பார்ட்னராகச் சேர்ந்து ஒரே யூனிட்டாக ஆகிவிடலாம் என்று அவர்களில் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 2,40,000 என்றால் நாளுக்கு 8,000 ரூபாய் வேலை. பணம் 100 நாள் கழித்து வருகிறது என்றால் எந்த நாளில் பார்த்தாலும் உங்கள் பணம் 8 லட்சம் அந்தக் கம்பெனியிடம் கிடக்கிறது. நீங்கள் வாங்கப் போகிறேன் என்று சொல்லும் கடனும் அதே 8 லட்சம். அதாவது ஒரு பெரிய கம்பெனிக்கு நீங்கள் வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு உங்கள் மாமியார் வீடு ஈடு. அதே பணத்தை 45 நாளில் வாங்கினால் அங்கே நிற்பது 3,60,000 மட்டும். மீதி 4,40,000 உங்கள் கைக்கு வந்துவிடும். வட்டிக்கடன் 3 லட்சத்தை அடைத்தும் மிச்சம் இருக்கும். முதல் இல்லாமல் நீங்கள் திண்டாடவில்லை, உங்கள் முதல் வேறு ஒருவர் கல்லாவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அதை எப்படி வாங்குவது? சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு யூனிட்டுக்கு வாங்குபவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஜாப் ஒர்க்கும் இதில் அடங்கும். ஆனால் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரமே செய்யுங்கள். ஆதார், பான், ஜி.எஸ்.டி. எண் போதும், ஒரு பைசா கட்டணம் கிடையாது (ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு செய்துதரும் சென்டர்கள் எல்லா ஊரிலும் உண்டு, உங்கள் பிள்ளைகளில் யாராவது போனிலேயே செய்துவிடுவார்கள்). உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் கவனம்: வியாபாரம் என்று போட்டுவிட்டால் இந்த 45 நாள் உரிமை கிடைக்காது. பதிவு செய்த பிறகு போடும் பில்களுக்குத்தான் இந்தச் சலுகை என்று வைத்துக்கொண்டு, பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடுங்கள்.

இதோடு நின்றால் இது வக்கீல் பதில். என்னிடம் வந்த ஒருவர், ராணிப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர், இதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகப் புகார் கொடுத்தார். பணம் வந்தது, தாமதமாகத்தான், ஆனாலும் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை. நியாயம் அவர் பக்கம், ஆனால் பட்டறை மூன்று மாதம் சும்மா கிடந்தது. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், புகாரில் ஆரம்பிக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். ஒரு யூனிட் முரண்டு பிடித்தால் அந்த வேலையைப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏழு யூனிட்டும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஷிப்மென்ட் தேதி நெருங்கும் நேரத்தில் அவ்வளவு அப்பரை யார் தைப்பார்கள்?

ஏழு என்பதும் நல்ல எண்தான். தமிழ்நாட்டில் சங்கப் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். உங்கள் நண்பர் சொன்ன பார்ட்னர்ஷிப் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். சங்கம் வேறு, கூட்டு வியாபாரம் வேறு. பார்ட்னர்ஷிப்பில் தொழில் பேரில் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஏழு பேர் வீடும் பதில் சொல்ல வேண்டி வரும். சங்கம் என்றால் அவரவர் யூனிட் அவரவருக்கு, கேட்பது மட்டும் ஒரே குரலில். பிறகு டான்ஸ்டியா மாதிரி மாநில அளவிலான சிறுதொழில் சங்கத்தோடு சேர்ந்துகொண்டால், மாவட்டத் தொழில் மையத்துக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ போகும்போது உங்களை வாசலில் நிற்க வைக்க மாட்டார்கள்.

கம்பெனியிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு வழியோடு போங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது தோல் ஏற்றுமதிக்காரர்களுக்கும் கை நடுங்கியது உண்மைதான், அதை நாமும் ஒத்துக்கொள்ளலாம். டிரெட்ஸ் என்று ரிசர்வ் வங்கி அனுமதியோடு நடக்கும் தளங்கள் இருக்கின்றன. உங்கள் பில்லை கம்பெனி அதில் ஏற்றுக்கொண்டால், ஒரு வங்கி சிறிய வட்டியைக் கழித்துக்கொண்டு ஓரிரு நாளில் உங்களுக்குப் பணம் போட்டுவிடும். கெடு வந்ததும் கம்பெனி வங்கிக்குக் கட்டும். கம்பெனி கட்டாமல் போனாலும் வங்கி உங்கள் கழுத்தைப் பிடிக்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது. கம்பெனிக்கு உடனே பணத்தை எடுத்து வைக்க வேண்டிய நெருக்கடி இல்லை, அதனால் இதற்கு ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கம்பெனி அந்த அளவுக்குப் பெரியது இல்லையென்றால், புது ஆர்டருக்கு 45 நாள் என்று எழுத்தில் கேளுங்கள், பழைய பாக்கியை மூன்று தவணையாகக் கேளுங்கள்.

நேரமும் முக்கியம். பிப்ரவரியிலோ மார்ச் முதல் வாரத்திலோ போங்கள், முதலாளியை மட்டும் பார்க்காமல் அக்கவுண்ட்ஸ் ஆளையும் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் ஒரு விதி இருக்கிறது. குறு, சிறு யூனிட்டுக்குக் கெடு தாண்டியும் தராமல் வைத்திருக்கும் தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. மார்ச் 31இல் ஏழு யூனிட்டின் பாக்கி நின்றால் அதற்கு அவர்கள்தான் வரி கட்ட வேண்டும். நீங்கள் போய் மிரட்டவே வேண்டாம், உத்யம் சான்றிதழ் நகலை ஏழு பேரும் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அவர்கள் ஆடிட்டரே மீதியைச் சொல்லிவிடுவார். இது எதுவுமே பலிக்காவிட்டால், இந்த மாதிரிப் பாக்கியை விசாரிக்கும் அரசு கவுன்சிலிடம் ஆன்லைன் புகார் இருக்கவே இருக்கிறது. கவுன்சில் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால், அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகக் கம்பெனி 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகும்போது நம் பக்கம் ஓட்டை இருக்கக் கூடாது. 12 பெண்கள் வேலை செய்கிறார்கள் என்றால் இ.எஸ்.ஐ. உங்களுக்கும் வரும். பதிவு செய்யாமல் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அந்தப் பெண்களும் உங்களுக்கு வாராவாரம் கைமாற்று கொடுப்பவர்கள்தான்.

இதெல்லாம் நடக்க நான்கைந்து மாதம் ஆகும். அதுவரை 3 வட்டி காத்திருக்காது, மாதம் 9,000 அதற்கே போகிறது. கணக்கு வைத்திருக்கும் வங்கியில் முத்ரா கிஷோர் பிரிவில் 3 லட்சம் கேளுங்கள், 5 லட்சம் வரை அதில் தருவார்கள். 12 சதவீதம் என்று வைத்தால்கூட மாத வட்டி 3,000தான். குறுந்தொழிலுக்குக் கொடுக்கும் இந்த அளவு கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேனேஜர் வீட்டுப் பத்திரம் கேட்டால், கேட்பதை எழுதிக் கொடுங்கள் சார் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் பேச்சு மாறும். ஒரு வருட ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனியின் வேலை ஆர்டர் மூன்றும் கையில் இருக்கட்டும். உங்கள் ஏழு பேரில் பட்டியலின, பழங்குடி உரிமையாளர்கள் இருந்தால் அவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேட்க வேண்டும். அதில் முதலீட்டில் 35 சதவீதம் மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டத்தைச் சொல்லி யாராவது அலைக்கழித்தால் போகாதீர்கள், அது முக்கியமாகப் புதிதாகத் தொழில் ஆரம்பிப்பவர்களுக்கு.

தம்பியின் மெஷின் யோசனைக்கு வருகிறேன். 9 மெஷினுக்கு 2,40,000 என்றால் இன்னும் 2 மெஷின் போட்டால் மாதம் சுமார் 53,000க்குக் கூடுதல் பில் வரும். அதே 100 நாள் கெடுவில் இன்னொரு ஒன்றே முக்கால் லட்சம் அங்கே போய் மாட்டிக்கொள்ளும், அதற்குச் சம்பளம் கொடுக்க மறுபடி 3 வட்டி. கெடு 45 நாளுக்கு இறங்கி, தொடர்ந்து மூன்று பில் அந்தக் கெடுவுக்குள் வந்து சேர்ந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது எந்த மெஷின், புதுசா பழசா என்று பார்க்கலாம்.