திருகாணியையும் வரையச் சொல்லுங்கள்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

போன வாரம் மகளின் மேற்படிப்பைப் பற்றி என்னிடம் கேட்க, அவளோடு உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தீர்கள். "பி.காம். சேர்த்து பேங்க் பரீட்சை எழுத வைக்கலாம்னு இருந்தோம், இவ நகை டிசைன்னு நிக்கிறா" என்று கண் கலங்கினீர்கள். மகள் பக்கத்தில் இருந்ததால் அன்றைக்கு எல்லாவற்றையும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் நோட்டில் அப்பத்தா காதில் போடுகிற பெரிய நகையான தண்டட்டியைக் கல்லூரிப் பெண் போடுகிற அளவுக்குச் சின்னதாக்கி வரைந்திருந்தாள். அழகாக இருந்தது. "இதைக் காதில் எப்படிம்மா மாட்டுறது?" என்று கேட்டேன். திருகாணியும் இல்லை, கொக்கியும் இல்லை. அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்திருப்பீர்கள். நேற்று வாட்ஸ்அப்பில் ஆறு படம் அனுப்பியிருக்கிறாள். ஆறிலும் மாட்டும் விதம் வேறு வேறு. ஒன்றில் திருகாணி தண்டட்டியின் உருண்டைக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. கூடவே ஒரு செய்தி: "சார், தண்டட்டி பூராவும் தங்கமில்லையாம். தகட்டுக்குள்ள அரக்காம். அப்பத்தா சொன்னாங்க."

படம் நன்றாக வரைகிற பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இவள் கேட்டிருக்கிறாள். இந்தத் தொழிலுக்கு இவள் ஏற்றவள் என்று நான் நம்புவது அதனால்தான்.

"தங்கம் விக்கிற விலையில யாரு வாங்குவா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாகச் சொன்னீர்கள். விலை ஏற ஏறத்தான் டிசைனருக்கு வேலை கூடுகிறது. பார்வைக்குப் பெரிதாகவும் எடையில் குறைவாகவும் நகை வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் காலத்துப் பத்தர் தகட்டுக்குள் அரக்கை நிரப்பிச் செய்ததும் இதே கணக்குதான். இன்று கம்ப்யூட்டரில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, அதைத் தங்கத்தில் வார்க்கிறார்கள். அந்த மெழுகு 1 கிராம் இருந்தால் 22 காரட்டில் ஏறக்குறைய 18 கிராம் தங்கம் பிடிக்கும், அதாவது இரண்டேகால் பவுன். வரைகிற கோடு கொஞ்சம் தடித்தால் வாங்குகிறவருக்கு ஆயிரக்கணக்கில் கூடிவிடும். மெலிந்தாலோ கல் உதிரும், கம்பி ஒடியும். இந்த அளவு கண்ணுக்கும் கைக்கும் பழகினால்தான் டிசைனர்.

"பத்தர் வேலைக்கா படிக்கப்போறா?" என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருந்தது. பத்தரிடம் கற்காதவர் வரைகிற நகை பெரும்பாலும் தாளோடு நின்றுவிடும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவி, ஒரு பயிற்சி மையத்தில் பெருந்தொகை கட்டி மூன்று மாதம் சாஃப்ட்வேர் மட்டும் கற்றாள். முதல் வேலையில் அவள் வரைந்த கம்மலைப் பட்டறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் தலைமுடிபோல இருந்தனவாம். எவ்வளவு அழுதாள் என்று எனக்குத்தான் தெரியும். அப்படி ஒரு இடத்தில் உங்கள் பணத்தைக் கட்டாதீர்கள்.

சென்னை தரமணியில் நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் டெக்னாலஜி கல்லூரி இருக்கிறது. அங்கே நகை, பை போன்ற துணைப் பொருட்களை வடிவமைக்கிற அக்சசரி டிசைன் படிப்பு 4 வருடப் பட்டம். பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுத்தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். எழுத்துத் தேர்வைத் தாண்டினால், கொடுக்கிற பொருட்களை வைத்துக் கையால் ஒரு மாதிரி செய்துகாட்டச் சொல்வார்கள். அங்கே நகை மட்டும் இல்லை. பை, விளக்கு என்று பலதும் படிக்க வேண்டும். செலவு பல லட்சம் ஆகும், கல்விக் கடன் இல்லாமல் முடியாது.

இடம் கிடைக்காவிட்டால் மதுரையிலேயே பி.காம். படிக்கட்டும். நகைத் தொழிலில் கணக்கும் உதவும். மாலையில் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் உட்காரட்டும். முதலில் செம்பிலும் பிறகு வெள்ளியிலும் கம்பி இழுக்கவும், பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கவும் பழகட்டும். சாஃப்ட்வேரை அதற்குப் பிறகு கற்கலாம். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று வருடம் நீங்கள் தாங்கிப்பிடிக்க வேண்டிவரும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவில் வடசேரிக்கு ஒருமுறை கூட்டிப்போய் வாருங்கள். கோயில் நகை செய்கிற ஊர் அது, புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே அவள் ஒரு நாள் முழுக்க வேடிக்கை பார்த்தால் போதும்.

வரும் சனிக்கிழமை நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள், வீட்டுக்காரரும் வரட்டும். அப்பத்தாவுக்கு பஸ் பயணம் ஒத்துக்கொண்டால் அவரையும் கூட்டி வாருங்கள். அந்தத் தண்டட்டியை எனக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.