நுங்கு வண்டி உருட்டும் பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட்டு எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து, மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே கோயம்புத்தூர் தாய்மாமன். பேசியதெல்லாம் மாமன்தான். ஏ.ஐ. படிப்பில் மேனேஜ்மென்ட் சீட்டு பேசி வைத்தாயிற்றாம், தோப்பை அடமானம் வைத்தால் முன்பணம் கட்டிவிடலாமாம். அப்பாவின் கவலை வேறு. “ராத்திரியெல்லாம் கேம் பண்றேன்னு உக்காந்திருக்கா, பயமா இருக்குங்க” என்றார்.

அன்றைக்கு மாமன் முன்னால் பட்டும் படாமலும் பேசி அனுப்பிவிட்டேன். அது தப்பு. இப்போது அந்த அப்பாவிடம் நேராகவே சொல்கிறேன். அண்ணா, தோப்பை அடமானம் வைக்காதீர்கள்.

நீங்கள் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பனை வரிசை, வரப்பு, அதன்மேல் உருண்டு போகும் நுங்கு வண்டி. அவளே வரைந்தது, அவளே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய கேம். பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் மன்றத்தில், சிறுவர்களுக்கான ஸ்க்ராட்ச் மொழி பழகியவள், அங்கிருந்து தானாகவே பைகேமுக்கு வந்திருக்கிறாள்.

பைகேம் என்பது பைத்தானில் கேம் எழுத 2000-த்திலிருந்து இருக்கும் இலவச நூலகம், அதாவது எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக இருக்கும் நிரல்களின் தொகுப்பு. பைத்தான் எழுத எளிது, ஓட்டத்தில் மெதுவு. திரையில் 640-க்கு 480 என்றால் மூன்று லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஒவ்வொன்றாகப் பைத்தானே தொட்டால் கேம் நகராது. அந்தப் பாரத்தை அடியில் சி மொழியில் எழுதப்பட்ட எஸ்.டி.எல். என்ற இன்னொரு நூலகம் சுமக்கிறது. எப்போது எது நகர வேண்டும் என்று பைத்தான் சொன்னால் போதும். அதனால்தான் அவளுடைய பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது. ஒரு பைசா செலவில்லை.

அவள் பட்ட பாட்டையும் கேளுங்கள். வீட்டில் நிதானமாக உருண்ட வண்டி, தோழியின் கம்ப்யூட்டரில் பறந்ததாம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும், 4 புள்ளி நகர்த்து என்று எழுதியிருந்தாள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கம்ப்யூட்டரில் அது 240 புள்ளி, 30 ஓடுவதில் 120. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பிறகு கண்டுபிடித்திருக்கிறாள்: பைகேமின் கடிகாரம் முந்தைய ஃபிரேமிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும். அதை நொடியாக்கி 120-ஆல் பெருக்கினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே வேகம். “வேகத்தை நேரத்தால பெருக்கினா தூரம், அவ்வளவுதான்” என்றாள். பிசிக்ஸ் அவளுக்குப் புத்தகத்தை விட்டு இறங்கி வந்துவிட்டது. நன்கொடை கட்டினால் வருகிற அறிவா இது?

படங்களை ஏற்றியதும் கன்வர்ட் என்ற கட்டளை கொடுத்துத் திரையின் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாததால் கேம் திக்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். ஒரே வரி. மாற்றி ஓட்டிப் பார்த்தபோது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இனி படிப்பு. அரசுக் கல்லூரியில் கணிதமோ இயற்பியலோ எடுக்கட்டும். சித்தூர் அரசுக் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டம். மூன்றாண்டில் முடித்தும் வெளியே வரலாம், மைனராக, அதாவது துணைப் பாடமாக, இன்னொரு பாடமும் எடுக்கலாம். கல்லூரியில் இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸையே மைனராக எடுக்கட்டும்.

கூடவே வருஷத்துக்கு ஒரு கேம், முழுசாக. பாதியில் நிற்கும் பத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். முதலாவது இந்த நுங்கு வண்டியே. சத்தம், மதிப்பெண், தோற்றால் திரும்பத் தொடங்கும் திரை எல்லாம் சேர்த்து முடிக்கட்டும். பைக்பேக் என்ற கருவியால் அதை பிரவுசரில் ஓடும்படி மாற்றி கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றலாம். இரண்டாவதை லுவா மொழியில், லவ் என்ற நூலகத்தில் எழுதட்டும். 2024-ல் உலகமே விளையாடிய பலாட்ரோ என்ற சீட்டாட்ட கேம் அதில் ஒரே ஆள் எழுதியதுதான்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்காது, அதை மறைக்க மாட்டேன். பைகேம் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் வேலை தர மாட்டார்கள். பெரிய கேம் நிறுவனங்கள் கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டியில் சி ஷார்ப் மொழி, அன்ரியலில் சி ப்ளஸ் ப்ளஸ் மொழி கேட்கும். மூன்றாம் ஆண்டில் அதற்கு மாறலாம். ஃபிரேம், மோதல், நேரம் எல்லாம் கைவந்தவளுக்கு மொழி மாறுவது பெரிய மலையல்ல. கேம் துறை வேண்டாம் என்றாலும் பைத்தான் வேறு வேலைக்கு உதவும். கடன் இருக்காது என்பதால் எங்கே போவது என்று அவளே யோசிக்கலாம்.

கேம் டிசைன் டிப்ளமோ என்று லட்சங்களில் கேட்பவர்களிடமும் போகாதீர்கள்.

மாமனுக்கு நீங்கள் சொல்லத் தயங்கினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். சனிக்கிழமை பாப்பாவை லேப்டாப்போடு கூட்டிக்கொண்டு வாருங்கள். வரப்பு மேட்டில் வண்டி ஏறும்போது வேகம் குறைய மாட்டேன் என்கிறதாம். உட்கார்ந்து பார்ப்போம்.