வெயில் அடிக்கும் பெருநகரத்தில் வாழ்வது அவ்வளவு கொடுமையா?

வருஷம் முழுக்க வெயில் இருக்கும் பெரிய நகரத்துக்குக் குடிபோகலாமா, அங்கே வாழ்வது நரகம் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். நரகமெல்லாம் இல்லை. ஆனால் வெயில் இருந்தாலே மனசும் மலர்ந்திருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். 1998-ல் டேவிட் ஷ்கேடு, டேனியல் கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்: கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிகத் திருப்தியோடு இருப்பார்கள் என்று எல்லாரும் ஊகித்தார்கள், ஆனால் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அவரவர் சொன்னதைப் பார்த்தால் குளிரான மத்திய மேற்குப் பகுதிக்காரர்களும் அதே அளவு திருப்தியாகத்தான் இருந்தார்கள். நீல வானம் சீக்கிரம் பழகிவிடுகிறது.

பழகாதது போக்குவரத்து நெரிசல். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் கையைச் சுடும், சட்டை முதுகில் ஒட்டும், இன்றைக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அது பழகவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் இரவுச் சூடு. கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை ராத்திரியில் வெளியே விடும், தூக்கம் கெடும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2023-ல் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பமே 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

சரி, போகலாமா? தாராளமாக. வேலைக்குப் பக்கத்தில், மரநிழல் உள்ள தெருவில் வீடு கிடைத்தால் மட்டும். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. முதலில் கோடையின் உச்சத்தில், ஒரு வேலைநாள் காலையில் அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் போய்ப் பாருங்கள்.