ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 40 கணினிகளையும் மாற்றுவது பற்றி

40 கணினிகளையும் ஒரே ஞாயிறில் விண்டோஸ் 11-க்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம் சார். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது, அவசரம் புரிகிறது. ஆனால் எது தேறும் என்று முதலில் பாருங்கள்: இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். டிபிஎம் இல்லை என்று காட்டினாலும் உடனே கழித்துவிடாதீர்கள், பல மதர்போர்டுகளில் அது பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைந்துதான் கிடக்கும்.

நீங்கள் சொன்ன, பழைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய அந்த பில்லிங் மென்பொருள்தான் பெரிய தலைவலி. விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டுமே, அதில் டாஸ் மென்பொருள் நேரடியாக ஓடாது. அப்புறம், கணக்குப் பிரிவில் ஒரே ஒரு மெஷினை மாற்றி ஜிஎஸ்டி தாக்கல் வரை ஓட்டிப் பாருங்கள், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் மக்கர் செய்தால் அங்கேயே தெரிந்துவிடும். தேறாதவற்றுக்குக் காசு கட்டி ஆதரவை நீட்டிக்கலாம்தான், ஆனால் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் விலை இரட்டிப்பாகும், அதற்குப் புது மெஷினே மேல்.