ஆற்றுக்கு மீன் பிடிக்க நடந்து போகும்போது ராட்டில் ஸ்னேக்கிடம் மாட்டாமல் இருப்பது எப்படி?

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், அமெரிக்கன் ஆற்றில் தூண்டில் போட ஆசை, ஆனால் கரையில் ராட்டில் ஸ்னேக் (வால் நுனியில் கிலுகிலுப்பை உள்ள விஷப்பாம்பு) எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துத் தயங்குகிறீர்கள். கேள்வி இதுதானே? இதற்கு முன்பே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்: "அது கடிப்பதற்கு முன்னால் வாலை ஆட்டிச் சத்தம் போடும். சத்தம் கேட்டால் விலகிவிடுங்கள், அவ்வளவுதான்." அந்த ஒரு வரிக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். நானும் பல வருடம் அதையே நம்பிக்கொண்டு அந்தக் கரையில் நடந்தவன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பாம்பு ஆராய்ச்சியாளர் இல்லை, மருத்துவரும் இல்லை. பதினொரு வருடமாக இந்த ஆற்றில் தூண்டில் போடுகிறேன், அவ்வளவுதான் தகுதி. "நான் இருபது வருடமாக அங்கே ஓடுகிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை" என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். உண்மையாகத்தான் இருக்கும். நீங்கள் தார் போட்ட பாதையில் ஓடுகிறீர்கள். மீன் பிடிக்கிறவன் அந்தப் பாதையை விட்டு இறங்குகிறான்.

வித்தியாசமே அங்கேதான். மலையேறப் போகிறவனுக்கு நடப்பதுதான் வேலை, அதனால் காலடியைப் பார்ப்பான். நமக்கு நடப்பது வேலைக்கு முன்னால் இருக்கும் தொல்லை. ஒரு கையில் தூண்டில் கம்பு, இன்னொரு கையில் வாளி, கண் தண்ணீரில். மீன் எங்கே துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டே இறங்குவோம். சரிவில் ஏறும்போது பார்க்காமலே ஒரு கல்லைப் பிடிப்போம். ஆற்றின் இரைச்சல் வேறு. அதற்கு மேல், மீன் கடிக்கும் நேரமும் பாம்பு வெளியே வரும் நேரமும் கோடையில் ஒன்றுதான்: வெயில் தாழ்ந்த பிறகு.

நாங்கள் பிடிக்கப் போவது ஷாட் மீன். தெரியாதவர்களுக்கு: ஷாட் நம் ஊர் உள்ளம் மீனுக்குச் சொந்தக்காரன். அதே வெள்ளிச் செதில், அதே கொழுப்பு, அதே ஆயிரம் முள். இங்கே பூர்வீகம் இல்லை. 1871இல் நியூயார்க் பக்கமிருந்து குஞ்சுகளை ரயிலில் கொண்டுவந்து சாக்ரமென்டோ ஆற்றில் விட்டார்கள், பெருகிவிட்டது. மே, ஜூனில் முட்டையிடக் கடலிலிருந்து ஏறும். நன்றாகக் கடிப்பது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்.

மூன்று வருடம் முன்பு ஒரு ஜூனில் அப்பா வந்திருந்தார். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். ஷாட் மீனை அறுத்துக் குழம்பு வைத்த அன்று, "எங்க அப்பா காலத்துல கொள்ளிடத்துல உள்ளம் ஏறுமாம், மேட்டூர் அணை கட்டின பிறகு போச்சு" என்று சொல்லிக்கொண்டே முள் எடுத்துச் சாப்பிட்டார். மறுநாள் தானும் வருகிறேன் என்றார். கிளம்பும்போது கராஜில் தேடி, தலை போன பழைய மாப் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம்பா, இங்க யாரும் கம்போட போக மாட்டாங்க."

"போறவன் போவட்டும். செருப்பில்லாமகூடப் போலாம், கம்பில்லாமப் போவக்கூடாது."

நிம்பஸ் அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் பெரிய பெரிய கூழாங்கல் மேடுகளைப் பார்ப்பீர்கள். இயற்கை என்று நினைத்துவிடாதீர்கள். தங்கம் தேடிய காலத்தில் மிதவை இயந்திரங்கள் மண்ணை அரித்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கல்லைக் கொட்டிவிட்டுப் போன குவியல்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து, சந்துக்குள் எலி, அணில். மேலே பிளாக்பெர்ரி முட்புதர். பாம்புக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. எங்கள் குறுக்கு வழி அந்த மேட்டின் மேல்தான்.

நாலு மீன் கிடைத்தது. எட்டரைக்குப் பொழுது சாய்ந்தது. ஜூனில் ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும் என்று ஹெட்லைட்டை எடுத்து வரவில்லை, அது என் தப்பு. நான் முன்னால், அப்பா பின்னால். மேட்டில் ஏறும் இடத்தில் இடது கையை ஒரு கல்லின் மேல் வைக்கப் போகிறேன். ஏதோ சத்தம் கேட்டது. சில்வண்டு என்று நினைத்தேன். பல வருடமாக யூடியூபில் அந்தப் பாம்பின் சத்தத்தைக் கேட்டவன் நான். ஆற்றங்கரையில், இரைச்சலோடு கலந்து, கல்லில் பட்டுத் திரும்பி வரும்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, நில்லு. ஆடாத. சணப்பு நெத்து சத்தம் கேக்குது."

எங்கள் பக்கம் வயலுக்கு உரத்துக்காகச் சணப்பு விதைப்பார்கள். விதைக்கென்று கொஞ்சம் விட்டுவைத்தால் நெத்து முற்றிக் காய்ந்து, நடக்கும்போது காலில் பட்டுக் கலகலக்கும். கிலுகிலுப்பைச் செடி குடும்பம்தான் அது. அப்பா அமெரிக்கப் பாம்பின் சத்தத்தை வாழ்நாளில் கேட்டதில்லை. இந்த ஊரில் சணப்பு இருக்க முடியாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போன் டார்ச்சை அடித்தார். எனக்கு எதிரே ஐந்தடி தூரத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. புழுதி நிறம், மேலே காய்ந்த இலைபோலக் கருந்திட்டுகள். நடுவிலிருந்து வால் மட்டும் செங்குத்தாக நிமிர்ந்து, நுனி தெரியாத வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தலை அசையவே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். நான் கை வைக்க இருந்த கல்லின் அடியில், என் விரலிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது, இன்னொன்று. அது சத்தமே போடவில்லை. வாலில் கிலுகிலுப்பை முழுசாக இருந்தது, ஆட்டவில்லை.

சத்தம் போட்டது தூரத்தில் இருந்த பாம்பு. கடித்திருக்கக்கூடியது சும்மா கிடந்த பாம்பு. இதைத்தான் அந்தப் பதிலை எழுதிய நண்பருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அப்பா கட்டையை ஓங்கினார். ஊர்ப் பழக்கம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வந்த காலடியிலேயே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்து, தண்ணீர் ஓரமாகவே அரை மைல் சுற்றி, சைக்கிள் பாதைக்கு ஏறினோம். வீட்டுக்கு வரும்வரை அப்பா பேசவில்லை. எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, காரை அவரே ஓட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் அங்கிருந்த ரேஞ்சர் (பூங்காக் காவலர்) ஒருவரிடம் சொன்னேன். சினைப் பாம்புகள் கோடையில் ஒரே கல்லடியில் இரண்டு மூன்றாகத் தங்கும் என்றார். இவை முட்டையிடாது, கோடை கடைசியில் குட்டி போடும். பிறந்த குட்டிக்கு வாலில் ஒரே ஒரு குமிழ்தான், ஆட்டினாலும் சத்தம் வராது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும், பழைய வளையங்கள் ஒடிந்தும் போகும். அதனால் வளையத்தை எண்ணி வயது சொல்வதெல்லாம் கதை. பெரிய பாம்பாக இருந்தாலும், பார்வையில் படாமல் அசையாமல் கிடப்பதுதான் அதன் முதல் தற்காப்பு. சத்தம் அதற்கு அடுத்ததுதான். சில சமயம் அது வரவே வராது.

சரி, இப்போது நான் எப்படிப் போகிறேன் என்று சொல்கிறேன்.

கம்பு இல்லாமல் போவதில்லை. ஆற்றில் இறங்க ஊன்றும் கம்பு கடையில் கிடைக்கும், அதுவே போதும். புல்லுக்குள் கால் வைக்குமுன் கம்பை வைக்கிறேன். கட்டையோ பெரிய கல்லோ குறுக்கே கிடந்தால் தாண்டுவதில்லை. அதன் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன், ஏனென்றால் நிழலுக்காக அது படுப்பது அந்த அடியில்தான். கண் பார்க்காத இடத்தில் கை வைப்பதே இல்லை. கல்லிடுக்கில் சிக்கிய தூண்டிலுக்குக் கையை விட்டுத் துழாவாதீர்கள், அறுத்துவிட்டு வாருங்கள், இரண்டு டாலர்தான். கரையில் வைத்த பையையும் வாளியையும் தட்டிப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், தொளதொள பேன்ட். ரப்பர் செருப்பும் அரை டிராயரும் வேண்டவே வேண்டாம். வேடர்ஸ் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகாத கால்சட்டை) போட்டிருக்கிறோம் என்ற தைரியமும் வேண்டாம், அது தண்ணீருக்குத்தான், பல்லுக்கு இல்லை. காதில் இயர்போன் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். தண்ணீருக்குள் நின்றால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள், இது நன்றாகவே நீந்தும்.

பார்த்துவிட்டால் நில்லுங்கள். முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும், பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அப்புறம் பின்னால் வாருங்கள். தன் உடம்பின் நீளத்தில் பாதி தூரத்துக்குப் பாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மூன்று நாலு அடிப் பாம்புகள்தான் அதிகம். ஆறேழு அடி தள்ளி நின்றால் போதும். கல்லெறிவது, கம்பால் கிளறுவது, செல்ஃபி எடுப்பது எதுவும் கூடாது. அடித்துக் கொன்றுவிட்டோம் என்று கையில் எடுப்பதும் கூடாது. வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.

கடித்துவிட்டால்? இதை எழுதும்போது எனக்கு என் பெரியப்பாவின் நினைவுதான் வருகிறது. 1998, நான் ஒன்பதாவது படித்தேன். ராத்திரி தண்ணீர் கட்டப் போனவரை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது. முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். வேர் கொடுக்கும் ஒருவரிடம் முதலில் கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விடிந்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் போய் ஐந்தாம் நாள் இறந்தார். அப்பா கம்பில்லாமல் வெளியே போகாததற்குக் காரணம் அதுதான். அமெரிக்காவில் ஒரு வருடத்துக்கு ஏழெட்டாயிரம் பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, இறப்பது சுமார் 5 பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாகக் கணக்கு. நம் ஊரில் வெறுங்காலோடு வயலில் நிற்கிறார்கள், நல்ல ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது, நடுவில் கயிறும் வேரும் நேரத்தைத் தின்கின்றன.

அதனால் கையெடுத்துக் கேட்கிறேன்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். கடையில் விற்கும் உறிஞ்சு குழாயும் வீண். பாம்பை விட்டு விலகி உட்காருங்கள். மோதிரம், வாட்ச், பூட்ஸைக் கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிடுங்கள். எந்த இறங்குதுறையில் இருக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும், அதனால் போகும்போதே அந்த இடத்தின் பெயரைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு மணியைக் குறியுங்கள், டாக்டருக்கு உதவும். மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. "ஊர்லேர்ந்து பாம்புக்கடி ஊசி வாங்கிட்டுப் போயேன்" என்றார் அம்மா. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் எடுக்கும் விஷத்திலிருந்து தயாராகும் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். இந்தப் பாம்புக்கு அது கேட்காது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அன்று பாம்பிடமிருந்து தப்பிய அப்பா, சுற்றி வந்த வழியில் பாய்சன் ஓக் செடியில் உரசிவிட்டார். நம் ஊர்ச் சேங்கொட்டை குடும்பம். மூன்றாம் நாள் கை முழுக்கக் கொப்புளம். அவருக்கு நான் எடுத்திருந்த பயணிக் காப்பீட்டுக் கம்பெனி, 'ஏற்கெனவே இருந்த தோல் நோய்' என்று எழுதி ஒரு காசும் தரவில்லை. எழுபது வயது வரை அவருக்குத் தோலில் ஒரு சொறி வந்ததில்லை. மருத்துவச் சீட்டு, போட்டோ எல்லாம் அனுப்பினேன். மூன்று முறை மேல்முறையீடு, மூன்று முறையும் அதே கடிதம், தேதி மட்டும் வேறு. பணம் போனதுகூடப் பரவாயில்லை. தன்னால் செலவு என்று அப்பா அடுத்த இரண்டு வாரமும் வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஷாட் மீன் சீசன் அதோடு முடிந்தது. பெற்றோருக்குக் காப்பீடு எடுக்கிறவர்கள் ஏற்கெனவே இருந்த நோய் பற்றிய அந்த ஒரு பத்தியையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நீங்கள் எந்தக் கரையில் இறங்குவதாக இருக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். வடகரையில் சில இடங்களில் மேட்டில் ஏறாமல் சரளைத் திட்டு வழியாகவே தண்ணீருக்குப் போகலாம், சொல்கிறேன். ஹெட்லைட்டை மட்டும் இப்போதே பையில் போட்டுவிடுங்கள்.