எல்.டி.எல். நார்மலாக இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு எதற்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை?

அம்மாவுக்கு எட்டு வருசமாகச் சர்க்கரை, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) நார்மல், ஆனாலும் டாக்டர் ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதியிருக்கிறார், போடத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லைங்க. காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். இதே கேள்வியை ஐந்து வருசத்துக்கு முன்னால் நானும் கேட்டேன், கொஞ்சம் தாமதமாக.

அப்பாவுக்கு அப்போது வயது 61. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 178, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 34, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 260, எல்.டி.எல். 92. அவருக்கும் சர்க்கரை, டாக்டர் ஸ்டேட்டின் எழுதியிருந்தார். வீட்டில் எல்லோரும் கடைசி எண்ணை மட்டும் பார்த்தோம். நூறுக்குக் கீழேதானே! பக்கத்துக் களத்துக்காரர் வேறு, அந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும் என்று சொல்ல, அப்பா நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலையில், கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் வேர்த்துக் கொட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்து ஒரு மணி நேரத்தை வீணடித்தோம். சர்க்கரை நரம்பைப் பாதித்திருந்தால் மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம் என்பது கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் தெரிந்தது.

அங்கே இருந்த டாக்டரிடம் எல்.டி.எல். 92 தானுங்களே என்றேன். "ஏனுங்க, கொப்பரை வியாபாரிதானே நீங்க? ஒரு டன் கொப்பரையைப் பெரிய சாக்குல கட்டினா எத்தனை சாக்கு, சின்னச் சாக்குல கட்டினா எத்தனை சாக்கு?" என்று திருப்பிக் கேட்டார். விஷயம் இதுதான். எல்.டி.எல். என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் துகள், அதுதான் சாக்கு. ரிப்போர்ட்டில் வரும் எண் காட்டுவது அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடையை. சாக்கு எத்தனை என்பது அதில் தெரியாது. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் புகுவதோ சாக்குதான். இரண்டாம் வகைச் சர்க்கரையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலம் ஈரலுக்குக் கொட்டுகிறது. ஈரல் அதை ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்துக்கு அனுப்புகிறது. அது ஏற ஏற எச்.டி.எல். இறங்கும், எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். எடை அதேதான், சாக்கு மட்டும் கூடிவிடும். அப்போ பி (Apo B) என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை அந்தச் சாக்கை எண்ணிச் சொல்லும், ஒரு துகளுக்கு ஒரு அப்போ பி என்பதால்.

அதற்குத் தனிக் காசு வேண்டாம் என்றால் ஒரு கழித்தல் போதும். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.லைக் கழியுங்கள். அப்பாவுக்கு 144. எல்.டி.எல். 100க்குள் இருக்க வேண்டியவருக்கு இந்த எண் 130க்குள் இருக்க வேண்டும். 70க்குள் இருக்க வேண்டியவருக்கு 100க்குள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அப்பா தேறவில்லை. இன்னொன்று, பல லேப்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை. 1972இல் ஃபிரீட்வால்ட் சொன்ன சூத்திரப்படி மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு கூடினால் விடை குறைத்துக் காட்டும், 400ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரமே செல்லாது.

மாத்திரைக்கு வருகிறேன். 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், இதயநோய் இல்லாத, எல்.டி.எல். 160க்கு மேல் போகாத 2838 சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்திருந்தார்கள். ஸ்டேட்டின்களில் ஒன்றான அட்டோர்வாஸ்டேட்டின் 10 மி.கி. எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் கிட்டத்தட்ட இரண்டு வருசம் முன்னதாகவே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ட்ரைகிளிசரைடுக்கென்று இருக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையை ஸ்டேட்டினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அக்கார்ட் ஆய்வில் (2010) மொத்தத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. டாக்டர்கள் முதலில் ஸ்டேட்டினைக் கையில் எடுப்பது அதனால்தான். அது சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்பதும் உண்மைதான், ஆனால் கிடைக்கும் காப்பு அதைவிடப் பெரிது. ஈரல் பாதிப்பு அபூர்வம்.

சாப்பாட்டில் எங்கள் வீடு தப்பாகப் பிடித்தது எண்ணெயை. எண்ணெயைக் குறைத்துவிட்டு மூன்று வேளையும் சோறு, சந்தகை, நாலு டீ சர்க்கரையோடு என்றால் ட்ரைகிளிசரைடு எப்படி இறங்கும்? சாராயமும் ஏற்றும். அதற்காகத் தேங்காய் எண்ணெயை இஷ்டத்துக்கு ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். செக்கில் ஆட்டினதில் கொலஸ்ட்ராலே இல்லை என்பார்கள், வாஸ்தவம்தான், எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லை. ஆனால் அதிலிருக்கும் நிறைவுற்ற கொழுப்பு நம் ரத்தத்தில் எல்.டி.எல்.லை ஏற்றும். கொப்பரை வியாபாரி நானே இதைச் சொல்கிறேன், சங்கத்தில் யாரும் படிக்காமல் இருந்தால் சரி.

அம்மாவின் நான்கு எண்களையும் கீழே போடுங்கள், கழித்துச் சொல்கிறேன். ராத்திரி சாப்பிட்டுப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமா என்பதையும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா என்பதை மட்டும் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.